மச்சினனின் மிஷினும் மலைமேல் ஒரு சாவியும்

பத்திரம் எழுதுவது என் தொழில். கள்ளக்குறிச்சியில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் ஒரு டீக்கடைக்கும் நடுவே உட்கார்ந்து இருபத்தைந்து வருடமாக எழுதிவருகிறேன். நான் எழுதும் கிரயப் பத்திரம் எல்லாவற்றிலும் ஒரு வரி தவறாமல் இருக்கும். மேற்படி நிலத்திலுள்ள நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் முதலான சகல பாத்தியங்களும் வாங்குபவரையே சேரும். நிதி என்றால் புதையல். நிட்சேபம் என்றால் யாரோ மண்ணில் புதைத்து வைத்தது. இப்படி நான் கைமாற்றிக் கொடுத்த புதையல்களை ஒன்றாகக் குவித்தால் ஒரு சின்ன ராஜ்ஜியமே நடத்தலாம். ஆனால் இதுவரை ஒருவரும் "ரைட்டரே, என் புதையல் எங்கே?" என்று திரும்பி வந்ததில்லை. "பாதை எங்கே?" என்று கேட்டு வந்தவர்கள் நிறைய.

போன ஆடி மாதம் அந்த வரியைப் படித்துவிட்டு ஒருவன் உண்மையாகவே சந்தோஷப்பட்டான். என் மச்சினன். மனைவியின் தம்பி. இங்கிலாந்தில் ஒரு சிற்றூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமையானால் பெரிய மனிதர்கள்கூட ஒரு நீளமான கம்பின் முனையில் தட்டு மாட்டிய மிஷினைத் தரையை ஒட்டி ஆட்டிக்கொண்டு வயல் வயலாக நடப்பார்களாம். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அது கத்தும். தோண்டிப் பார்ப்பார்கள். ஏழு வருடமாக மழையில் நனைந்து நடந்ததில் அவனுக்குக் கிடைத்தவை ஒரு வெள்ளிக்காசு, ஒரு குதிரை லாடம், இருநூற்றுச் சொச்சம் பொத்தான்கள். பொத்தான்களுக்கு ஆல்பம் வைத்திருக்கிறான். என் கல்யாண ஆல்பத்தைவிட அது நன்றாக இருக்கிறது என்பது என் மனைவியின் அபிப்பிராயம்.

அந்த மிஷினை மூன்றாகக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு லீவுக்கு வந்திறங்கினான். விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள்.

"இது இன்னா சார்?" என்று கேட்டாராம் அதிகாரி.

"மெட்டல் டிடெக்டர்."

"அதான் எங்க கிட்டயே இருக்கே. நீங்க எதுக்கு ஒண்ணு எட்த்துனு வர்றீங்க?"

இவன் ஆறு மாதம் முன்பே நாலு அலுவலகங்களுக்கு மின்னஞ்சல் எழுதி அனுமதி கேட்டிருந்தான். பதில்தான் வரவில்லை. பதில் வராத கடிதங்களின் நகல்களைக் கோப்பு போட்டுக் காட்டினான். கேட்டுவிட்டு வந்த ஒரு மனிதனை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை போலும். கோயில், கோட்டை, பழைய கட்டடம் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து காபி குடித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "மாமா, இங்க லோக்கல் ரூல்ஸ் இன்னா?"

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பொதுவாக என்னிடம் நல்ல பிரியாணி எங்கே என்றுதான் கேட்பார்கள். சட்டம் கேட்டு வந்த முதல் உறவினன் இவன். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஒன்றை எடுத்து விரித்தேன். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணிலிருந்து கிடைத்தாலும் கலெக்டருக்குச் சொல்லவேண்டும்.

"பத்து ரூபாயா?"

"ஆமா மாப்ள. இன்னும் மாத்தல. ஒரு டீ விலைக்குக் கூடப் பொதையல் கெடைக்கக் கூடாது."

எலவனாசூர்கோட்டைப் பக்கம் போகலாமா என்றான். பழைய கோயில் இருக்கிறது, எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய், அந்தப் பேச்சே வேண்டாம் என்றேன். சின்னசேலத்தில் எனக்குத் தெரிந்தவரின் காலி மனை? அங்கே ஒரு அலுவலரைக் கேட்டேன். அவர் இன்னொருவரைக் கேட்கச் சொன்னார். அந்த இன்னொருவர், "யாரும் கேக்காம இருந்தா பிரச்சினை இல்ல. நீங்க கேட்டுட்டீங்க. இப்ப நான் கூடாதுன்னு தான் சொல்லணும்" என்றார். நிர்வாக இயலை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

ஆக மிஷின் என் வீட்டு மொட்டைமாடியில் கொடிக்கம்பிக்குக் கீழே நடமாடியது. என் மனைவி இரண்டு வருடம் முன்பு தொலைத்த கொசுவத்தி ஸ்டாண்டைக் கண்டுபிடித்தது. தெருவுக்கு விஷயம் தெரிய அது போதாதா? மறுநாளே பஸ் கண்டக்டர் ஒருவர் மூலம் சேதி மலையேறிவிட்டது. கள்ளக்குறிச்சி ரைட்டர் வீட்டில் பூமிக்கு அடியில் பார்க்கிற மிஷின் வந்திருக்கிறது.

திங்கட்கிழமை காலை என் கடைக்கு ஒருவர் வந்து உட்கார்ந்தார். கல்வராயன் மலையில் கரியாலூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர்க்காரர். அறுபது வயதுக்குக் கிட்டே இருக்கும். எப்போதோ ஒரு அடமானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு முன்னால் இருந்த நாலு பேரும் போகும்வரை வாயே திறக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். அதையும் குடித்து முடித்துவிட்டு, பக்கத்து ஜெராக்ஸ் மிஷின் ஓடும் சத்தத்தில்தான் பேசினார்.

"ரைட்டருங்க... பெட்டிச் சாவிய வெச்ச எடம் தெரிலீங்க."

அவர்கள் ஊர் அம்மனுக்கு ஒரு மரப்பெட்டி. அதற்குள் அம்மனின் சேலை, சிலம்பு, கைமணி. வருடத்துக்கு ஒருமுறை, ஆடி மூன்றாம் வெள்ளியன்று திறப்பார்கள். சாவி இவர் வகையறாவில் மூத்தவரிடம் இருக்கும். இப்போது மூத்தவர் இவர். சாவியைத் தொலைத்தால் முறை தம்பிக்குப் போய்விடும். தம்பிக்கும் இவருக்கும் நிலப் பிரிவினையில் கொஞ்சம் மனத்தாங்கல். பூட்டை உடைக்கக் கூடாது. மாற்றுச் சாவி போடக் கூடாது. நாலு நாளில் மூன்றாம் வெள்ளி.

"எங்கங்க வெச்சீங்க?"

"மண்ணுல தாங்க."

நடந்தது இது. ஒரு மாதத்துக்கு முன் கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் அவர் மருமகளுக்குப் பிரசவம். ஆண் குழந்தை என்று போன் வந்தது. வந்த நொடியிலேயே வீட்டுக்குத் தீட்டு. தீட்டு வீட்டில் அம்மன் சாவி இருக்கக் கூடாது. பங்காளி என்பதால் தம்பி வீட்டுக்கும் அதே தீட்டுதான். வகையறாவை விட்டு வெளியேயும் கொடுக்கக் கூடாது. மண்ணுக்குத் தீட்டு கிடையாது. அவர் அப்பா காலத்திலும் அப்படித்தான் செய்வார்களாம். சாவியை மஞ்சள் துணியில் சுற்றி, ஏர் ஓட்டிப் போட்டிருந்த வெறும் கொல்லையில் புதைத்தார். மலையில் மானாவாரி நிலத்துக்குக் கொல்லை என்று பெயர். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வரப்பில் கட்டாகக் கிடந்த குச்சிகளில் ஒன்றை உருவி அடையாளத்துக்கு நட்டுவிட்டுப் பேரனைப் பார்க்க ஓடினார்.

"என்ன குச்சிங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மரவள்ளிக் குச்சிங்க."

இரண்டு நாள் கழித்து அவர் மலைக்குத் திரும்பியபோது, அந்த இரண்டு ஏக்கர் முழுக்க அவர் இளைய மகன் ஆள் வைத்து மரவள்ளிக் குச்சி நட்டு முடித்திருந்தான்.

நான் சிரிக்கவில்லை. அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

"இப்ப எல்லாம் மொளச்சி எல கட்டிக்கினு நிக்குதுங்க. எதுன்னு தோண்டுவேன்? எல்லாத்தையும் தோண்டினா ஊரே கேக்கும். வூட்ல கூட சொல்லலீங்க. ராவெல்லாம் தூக்கம் இல்ல."

மச்சினனிடம் சொன்னேன். அவனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. ஏழு வருடத்தில் அவனிடம் ஒரு பொருளைத் தேடித் தரும்படி கேட்டு வந்த முதல் மனிதர் இவர். ஆனால் ஒரு நிபந்தனை போட்டான். இங்கிலாந்துப் பழக்கம். நிலத்துக்காரர் எழுதிக் கொடுத்தால்தான் நிலத்தில் கால் வைப்பான்.

"எழுத்து இல்லாம ஆவாதாங்க?" என்று மலைக்காரர் கெஞ்சினார்.

"அது ஒண்ணும் பயமில்லீங்க. நம்ம கைல தான் இருக்கும்" என்றேன் நான். எழுத்து என்று வந்துவிட்டால் எனக்குக் கை நிற்காது. கிழக்கு மேற்கு வடக்கு தெற்கு நாலு எல்லை போட்டு, சர்வே நம்பர் போட்டு, நோக்கம் என்ற தலைப்பில் இப்படி ஒரு வாக்கியம் அமைத்தேன்: "மேற்படி நிலத்தில் என்னால் புதைத்து வைக்கப்பட்டு, வைத்த இடம் இன்னதென்று விளங்காமற்போன, ஊர் அம்மன் பெட்டியின் இரும்புச் சாவி ஒன்றினை, ஊராருக்கும் பங்காளிகளுக்கும் தெரியாவண்ணம் தேடியெடுக்கும் பொருட்டு." தெரியாவண்ணம் என்ற சொல் சரியான இடத்தில் விழுந்ததில் எனக்கு அன்று முழுக்க ஒரு திருப்தி. மலைக்காரர் கையெழுத்துப் போட்டார். மச்சினன் பக்கத்துக் கடையில் அதை லேமினேஷன் செய்துகொண்டான்.

புதன்கிழமை விடிந்ததும் மிஷினைச் சாக்கில் கட்டி வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினோம். களை எடுக்கிற மிஷின் என்று கண்டக்டரிடம் சொன்னேன். மச்சினன் காதோரம் வந்து, "மாமா, பொய் சொல்றது ரூல்ஸ்ல இல்ல" என்றான். "லக்கேஜ் டிக்கெட் வாங்கிட்டேன் மாப்ள, சரியாப் போச்சு" என்றேன்.

மலையின் ரூல்ஸ் கரியாலூரில் இறங்கியதுமே ஆரம்பித்தது. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று மலைக்காரர் கேட்டார். மச்சினன் கச்சிராயபாளையத்தில் பஸ் நின்றபோது ஒரு ஆம்லெட் சாப்பிட்டிருந்தான். உள்ளது உள்ளபடி சொன்னான். ஓடையில் முங்கி எழச் சொன்னார். அதன் தண்ணீர் இங்கிலாந்தையே நினைவூட்டியது என்று அவன் பிற்பாடு சொன்னான். அப்புறம் சாவி இருக்கிற மண், செருப்புக் காலோடு மிதிக்கக் கூடாது. பூட்ஸைக் கழற்றினான். இடுப்பில் தோல் பெல்ட் ஆகாது. கழற்றினான். அவன் முகத்தில் கோபமே இல்லை.

"மாமா, இதெல்லாம் எங்க ரூல்ஸும் தான். பூட்ஸ்ல இரும்பு, பெல்ட்டுல பக்கிள். மிஷின் கத்தும்" என்றான். பிறகு என் இடுப்பைப் பார்த்தான். "உங்க வெள்ளி அரைஞாணையும் கழட்டுங்க."

ஐம்பத்திரண்டு வருடமாகக் கழற்றாததைக் கழற்றினேன். வேட்டி எந்த நம்பிக்கையில் நின்றது என்று எனக்கே தெரியாது.

யாராவது கேட்டால் நீரோட்டம் பார்க்க வந்தவர் என்று சொல்வதாக ஏற்பாடு. கொல்லையில் இறங்கி மிஷினை ஆட்டினான். முதல் அடியிலேயே கத்தியது. தோண்டினோம். ஒன்றும் இல்லை. இரண்டாம் அடி, மூன்றாம் அடி, எங்கே வைத்தாலும் கத்தியது. அந்த மலையின் செம்மண்ணிலேயே இரும்பு கலந்திருக்கிறதாம். அவன் ஏதோ திருகிச் சத்தத்தைக் குறைத்தான். இப்போது சாவியே வந்தாலும் கத்தாத அளவுக்கு மிஷின் ஊமையானது. கொஞ்சம் ஏற்றினான். ஒரு மணி நேரத்தில் ஒடிந்த ஏர்க் கொழுமுனை ஒன்று, சைக்கிள் செயின் துண்டு, சோடா மூடிகள், அரிவாளின் பாதி கிடைத்தன. பொத்தான் இல்லை. மலைக்காரர் ஒவ்வொரு குழியையும் எட்டிப் பார்த்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குள் வரப்பில் கூட்டம். நீரோட்டம் பார்க்கிறவர் வந்திருக்கிறார் என்ற சேதி. "சார், முடிச்சிட்டு எங்க கொல்லைக்கும் வாங்க" என்று நாலைந்து பேர். ஒருவர் நாற்காலியே கொண்டுவந்து போட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மலைக்காரரின் தம்பி வந்தார். அண்ணனைப் போலவே முகம், பத்து வயது குறைவு.

"இவரு யாரு?"

"நீரோட்டம் பாக்கறவரு" என்றார் அண்ணன்.

"கைல தேங்கா இல்ல. தேங்கா இல்லாம எப்பிடி பாக்கறாரு?"

"இது புதுசு. மிஷினு."

"உனக்கு எதுக்கு இப்ப தண்ணி? மானாவாரிக்கு நீரோட்டம் பாக்கற ஆள இப்ப தான் பாக்கறேன்." தம்பி மச்சினன் பக்கம் திரும்பினார். "சாரு, யாரக் கேட்டு எறங்கினீங்க? பாதி கொல்ல எனக்கும் பாத்தியம்."

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சினன் முந்திக்கொண்டான். அவன் ஊரில், வயலில் யாராவது நிறுத்திக் கேட்டால் உடனே அனுமதிக் கடிதத்தைக் காட்டவேண்டும். ஏழு வருடமாக அதற்காகவே சட்டைப்பையில் கடிதம் வைத்திருப்பவன். யாருமே கேட்டதில்லை. இன்று ஒருவர் கேட்டுவிட்டார். பெருமையோடு எடுத்து நீட்டினான். லேமினேஷன் வெயிலில் பளபளத்தது.

தம்பி படித்தவர். உரக்கப் படிப்பவர். நாலு எல்லையையும் படித்தார், சர்வே நம்பரைப் படித்தார், நோக்கத்துக்கு வந்தார். அம்மன் பெட்டியின் இரும்புச் சாவி என்ற இடத்தில் குரல் தணிந்தது. ஊராருக்கும் பங்காளிகளுக்கும் தெரியாவண்ணம் என்பதை மட்டும் இரண்டு தரம் படித்தார்.

என் வாழ்நாளில் என் நடைக்கு அவ்வளவு அமைதியான வாசகர்கள் கிடைத்ததில்லை.

அண்ணன் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். யாரையும் பார்க்கவில்லை. பிறகு அவரே சொன்னார். போன் வந்தது, மஞ்சள் துணி, பஸ், குச்சி.

"இன்னா குச்சி?" என்றது கூட்டம்.

"மரவள்ளிக் குச்சி."

முதலில் சிரித்தது ஒரு பெண். வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை. அப்புறம் எல்லோரும். அண்ணனின் காது சிவந்தது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் கூட்டத்திலிருந்து தம்பியின் மனைவி முன்னால் வந்தாள். அன்று குச்சி நட்டவர்களில் அவளும் ஒருத்தி.

"மாமா, நீங்க வெச்ச குச்சி முழுக் குச்சியா? வெட்டாதது?"

"ஆமாம்மா. ஆளு ஒயரம்."

"அத நான் தான் புடுங்கினேன். எவன்டா குறுக்க ஒண்ண நட்டு வெச்சிருக்கான், வரிச கோணுதேன்னு புடுங்கி, துண்டு துண்டா நறுக்கி நட்டுட்டேன்." கையை நீட்டிக் காட்டினாள். "அந்தப் பலாமரத்துக்கு நேரா, பாறைக்கு இந்தாண்ட. கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே!"

ஒரு மாதத் தூக்கம். ஒரு கேள்வி கேட்டிருந்தால் மிச்சமாகியிருக்கும். ஆனால் அதைக் கேட்கத்தான் அவரால் முடியவில்லை.

மச்சினன் பாறைக்கு இந்தப் பக்கம் போய் மிஷினை ஆட்டினான். இரண்டு முழச் சதுரம்தான். அங்கேயும் மண் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஓரிடத்தில் மட்டும் ஆட்டுக்குட்டி தாயைக் கூப்பிடுவதுபோல் தெளிவாக ஒரு சத்தம். "டிக்" என்றான். தோண்டச் சொல்கிறான். டிக் பண்ண நான் களைக்கொத்தை எடுத்தேன். அண்ணன் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சாண் ஆழத்தில் நிறம் போன துணி. அதற்குள் ஒரு முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக, துருப் பிடித்த சாவி. இரண்டு கையாலும் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

கூட்டத்தில் வயதானவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "கெடச்சது சந்தோசம். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குது இல்ல? சாவிய தொலச்சவன் கைல மறுபடி சாவி இருக்கக் கூடாது. தம்பி தான் வாங்கணும்."

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். அண்ணன் சாவியை நெற்றியிலிருந்து இறக்கி, இரண்டு கையிலும் ஏந்தித் தம்பி பக்கம் நீட்டினார். நிலப் பிரிவினையில் கிடைக்காதது தம்பிக்கு இதோ ஒரு கை தூரத்தில்.

தம்பி சாவியைப் பார்த்தார். பறித்த குச்சியின் இடத்தைப் பார்த்தார். தன் மனைவியையும் ஒருமுறை பார்த்தார்.

"இன்னா தொலச்சான்? வெச்ச எடத்துலயே தான கெடந்துது" என்றார். "தொலஞ்சது குச்சி. அத தொலச்சது எங்க வூட்டுக்காரி."

"அதுக்கு இல்லடா..." என்று இழுத்தார் பெரியவர்.

"சாவிய மண்ணுல வெச்சது முறை. அத யாரும் எட்த்துக்கினு போவல. அப்பறம் இன்னா?" அண்ணனிடம் திரும்பினார். "போய் ஆமணக்கு எண்ணெயில ஊறப் போடு. வெள்ளிக்கெழம தெறக்கலன்னா அப்ப பேசிக்கலாம். அடுத்த தபா கல்லு வை. இல்லன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லு."

அண்ணன் சாவியைத் துண்டில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு, தம்பியின் தோளைப் பிடித்து வரப்பேறினார். பிடிமானம் தேவைப்படாத வரப்பு அது.

மச்சினன் அதற்குள் குழிகளை மூட ஆரம்பித்திருந்தான். தோண்டிய குழியை மூடுவது அவன் ரூல்ஸ். பதினேழு குழி. அசைந்துபோன மரவள்ளிச் செடிகளைத் திரும்ப நட்டு மண் அணைத்தான். தம்பியின் மனைவி பக்கத்தில் நின்று வரிசை கோணாமல் பார்த்துக்கொண்டாள். எல்லாம் முடிந்ததும் என்னிடம் வந்து கவலையோடு கேட்டான்.

"மாமா, அந்தச் சாவி பத்து ரூபாய்க்கு மேல போகுமே. கலெக்டருக்குச் சொல்லணும்ல?"

"பொதச்ச ஆளே பக்கத்துல நின்னு அழுதா அது பொதையல் இல்ல மாப்ள."

அந்தச் சட்டம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. பூட்ஸை மாட்டிக்கொண்டான். நான் அரைஞாணைத் தேடினேன். பாறைமேல் வைத்த இடத்திலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை பெட்டி திறந்தது என்று சனிக்கிழமை காலை தம்பியே கடைக்கு வந்து சொன்னார். எண்ணெயில் இரண்டு ராத்திரி ஊறியும் பூட்டு முதலில் அசையவில்லையாம். அண்ணன் கையோடு இவர் கையையும் சேர்த்துப் பிடித்துத் திருப்பியிருக்கிறார்கள். ஊருக்கே பலாப்பழமும் சாமைச் சோறும். என் மச்சினனுக்கென்று ஒரு பலாப்பழம் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அதை இங்கிலாந்துக்கு எடுத்துப்போக என்ன ரூல்ஸ் என்று அவன் அப்போதே போனில் தேட ஆரம்பித்துவிட்டான்.

கிளம்பும்போது தம்பி சட்டைப்பையிலிருந்து அந்த லேமினேஷன் தாளை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். ஒரு மூலை மடங்கியிருந்தது. ஊரெல்லாம் வாங்கிப் படித்திருப்பார்கள் போல.

"நல்லா எழுதறீங்க ரைட்டருங்க. எல்லாம் இருக்குது, ஒண்ணையும் உடல" என்றார். படியிறங்கியவர் திரும்பினார். "அடுத்த தபா கொஞ்சம் கம்மியா எழுதுங்க."